சூப் கிண்ணமும் பிரசுரமாகாத திருத்தமும்

2007 ஒக்டோபர் மாதத்தில் நான் பொறுப்பாக இருந்த ஞாயிறு பத்திரிகைப் பக்கமொன்றில் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சி பற்றிய கட்டுரை வெளியாகியது. சர்வதேச செய்தி நிறுவனங்கள் அனுப்பியிருந்த தகவல்களைத் தொகுத்து அதைத் தமிழில் எழுதியவன் நானே. போர்ச் செய்திகளால் நிரம்பிய பத்திரிகையில் வாசகர்களுக்குச் சற்று ஆறுதல் தரும் பக்கமாக அது இருக்கவேண்டும் என்று ஆசிரியபீடத்தில் எதிர்பார்க்கப்பட்டது. கட்டுரைக்கு நல்ல வரவேற்பும் கிடைத்தது. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடவேண்டிய கடமை எனக்கு உண்டு என்பதைப் பதினொரு வருடங்களுக்குப் பிறகு ஒரு வாசகரே நினைவூட்டவேண்டியிருந்தது.

அந்தப் பேராசிரியரின் பெயர் பிரையன் வன்சிங்க். நியூயோர்க் மாநிலத்தில் உள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உணவு நடத்தை பற்றி ஆராயும் ஆய்வுகூடம் ஒன்றின் தலைவராக இருந்தவர். மனிதர்கள் பசியினால் மாத்திரம் உண்பதில்லை, தட்டின் அளவு, பாத்திரத்தின் வடிவம், உணவின் பெயர் போன்றவையே அவர்களை அறியாமல் எவ்வளவு உண்பது என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அவரது வாதம். 2005 ஆம் ஆண்டில் வெளியான அவரது சூப் கிண்ண ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மேசைக்கு அடியில் குழாய் பொருத்தி, அருந்துபவருக்குத் தெரியாமல் கிண்ணத்தில் சூப் மெதுவாக நிரம்பிக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். 54 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில், நிரம்பும் கிண்ணத்தில் இருந்து அருந்தியவர்கள் மற்றவர்களை விட 73 சதவீதம் கூடுதலாக அருந்தினார்கள் என்றும் ஆனால் தாங்கள் கூடுதலாக அருந்தியதாக அவர்கள் உணரவில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படுகின்ற இக்நோபல் பரிசு 2007 ஆம் ஆண்டில் இந்த ஆய்வுக்குக் கிடைத்தது. எமது பக்கத்துக்கு அந்தச் செய்தி வந்துசேர்ந்ததும் அதனாலேயே.

சூப் கிண்ணத்துடன் மாத்திரம் நான் நிறுத்திக்கொள்ளவில்லை. பெரிய பாத்திரத்தில் உணவை வைத்தால் மக்கள் கூடுதலாக எடுத்து உண்பார்கள் என்று, 2005 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான அவரது இன்னொரு ஆய்வையும் சேர்த்துக்கொண்டேன். வீட்டில் சிறிய கோப்பைகளையும் சிறிய பாத்திரங்களையும் பயன்படுத்துமாறு வாசகர்களுக்கு ஆலோசனையும் கூறியிருந்தேன்.

வெள்ளவத்தையில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தக் கட்டுரையை வெட்டிச் சமையலறை அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். நீண்டகாலமாக நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர் எங்கள் எல்லோருக்கும் 'மாஸ்டர்' தான். வீட்டில் இருந்த பெரிய சோற்றுக் கோப்பைகளை அகற்றிவிட்டுச் சிறியவற்றை வாங்கியதாக என்னைச் சந்தித்தபோது மகிழ்ச்சியுடன் கூறினார். ஒரு பத்திரிகையாளனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன இருக்கமுடியும்?

2018 ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "தம்பி, அந்தக் கிண்ணத்துப் பேராசிரியர் பிழை விட்டுப் பதவியை இழந்திட்டாராம். ரொறன்ரோவிலை இருந்து பேரன் சொன்னவன். உங்கட பேப்பரிலை ஏன் அது ஒரு வரிகூட வரேல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தச் செய்தியை நான் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்திருந்தேன். அதைத் தமிழில் எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை.

நடந்தது இதுதான். 2016 நவம்பரில் வன்சிங்க் தனது இணையப் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருவரைப் பாராட்டி எழுதினார். இத்தாலிய உணவகம் ஒன்றில் திரட்டப்பட்ட தரவுகளில் இருந்து தான் முதலில் எதிர்பார்த்த முடிவு கிடைக்காமற்போனதாகவும், அதே தரவுகளை அந்த மாணவியிடம் கொடுத்து அவற்றில் ஏதாவது உருப்படியாகக் கிடைக்கிறதா என்று தேடச்சொன்னதாகவும், அவர் சளைக்காமல் தேடியதன் பயனாகப் பல ஆய்வுக்கட்டுரைகள் பிறந்ததாகவும் அதில் பெருமையுடன் குறிப்பிட்டிருந்தார். கடின உழைப்புக்கு உதாரணமாக அவர் சொன்ன கதையைப் புள்ளிவிபரவியல் அறிந்தவர்கள் ஒப்புதல் வாக்குமூலமாகவே வாசித்தார்கள்.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஒன்றுடன் ஒன்று எந்தத் தொடர்பும் இல்லாத விடயங்களை ஒப்பிட்டாலும், வழமையான புள்ளிவிபர அளவுகோலின்படி 20 ஒப்பீடுகளில் சராசரியாக ஒன்றில் தொடர்பு இருப்பதாகத் தோன்றும். 200 ஒப்பீடுகளைச் செய்தால் 10 'கண்டுபிடிப்புகள்' கிடைக்கும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எமது முன்னோர் சொன்னது இதைத்தான். நூறு பனைகளையும் நூறு காகங்களையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர் எங்காவது ஒரு பழம் விழுவதைக் காண்பார். விழுந்த அந்த ஒரு பழத்தை மட்டும் எழுதி, விழாத மற்றவற்றை மறைத்தால் அது விஞ்ஞானம் ஆகாது.

டிம் வான் டெர் சீ, ஜோர்டன் அனாயா, நிக் பிரவுண் ஆகிய மூவரும் அந்த உணவகத் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட நான்கு கட்டுரைகளை ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஏறத்தாழ 150 கணக்குகளை 2017 ஜனவரியில் சுட்டிக்காட்டினார்கள். அதன் பின்னர் வேறு கட்டுரைகளும் சோதனைக்குள்ளாகின. அப்பிள் பழத்தில் தொலைக்காட்சிப் பொம்மையான எல்மோவின் படத்தை ஒட்டினால் பிள்ளைகள் அதைக் கூடுதலாகத் தெரிவுசெய்வார்கள் என்ற ஆய்வு, 8 தொடக்கம் 11 வயது வரையான மாணவர்களிடம் நடத்தப்பட்டதாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவர்கள் 3 தொடக்கம் 5 வயது வரையான குழந்தைகள். யாரிடம் சோதனை நடத்தினோம் என்பதையே சரியாகச் சொல்லாத ஆய்வு 2017 இல் மீளப்பெறப்பட்டது.

2018 செப்டெம்பர் 19 ஆம் திகதி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகைகள் வன்சிங்கின் ஆறு கட்டுரைகளை ஒரேநாளில் மீளப்பெற்றன. மூலத் தரவுகள் கிடைக்காததால் முடிவுகளை உறுதிப்படுத்தமுடியவில்லை என்று கோர்னெல் பல்கலைக்கழகம் அந்தச் சஞ்சிகைகளுக்கு அறிவித்திருந்தது. தரவுகளைத் தவறாக அறிக்கையிட்டமை, ஏற்கத்தகாத புள்ளிவிபர முறைகளைக் கையாண்டமை, ஆய்வு முடிவுகளை முறையாகப் பதிவுசெய்து பாதுகாக்காமை ஆகியவற்றின் மூலம் அவர் கல்விசார் ஒழுக்கத்தை மீறினார் என்று பல்கலைக்கழகம் மறுநாள் அறிவித்தது. அவர் 2019 ஜூன் 30 உடன் பதவியில் இருந்து விலகினார். மோசடி எதையும் தான் செய்யவில்லை என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது.

மீளப்பெறப்பட்ட அந்த ஆறில் சூப் கிண்ண ஆய்வு இல்லை. ஆனால், நான் எமது வாசகர்களுக்கு எடுத்துச்சொன்ன பெரிய பாத்திர ஆய்வு இருக்கிறது. பசியுடன் கடைக்குப் போகாதீர்கள், கூடுதலான கலோரிகளைக் கொண்ட உணவுகளையே வாங்குவீர்கள் என்று 2013 இல் உலகம் முழுவதும் பரவிய ஆய்வும் இருக்கிறது. அதையும் நான் பிரசுரித்திருந்தேன்.

சிறிய கோப்பையில் உண்டதால் மாஸ்டருக்குக் கெடுதல் எதுவும் நேர்ந்துவிடவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கக்கூடும். அன்றைய தொலைபேசி உரையாடலின் முடிவில் மாஸ்டர் சொன்ன வார்த்தைகளே அதற்கான பதில். "இந்த விஞ்ஞானியள் இண்டைக்கு ஒண்டு சொல்லுவினம், நாளைக்கு இன்னொண்டு சொல்லுவினம். நான் இனி ஆற்றை சொல்லையும் கேட்கிறதா இல்லை" என்றார். கேடு அங்கேதான் இருக்கிறது. புகையிலை பற்றியும் தடுப்பூசி பற்றியும் சீனி பற்றியும் பல தசாப்தங்களாக உறுதிப்படுத்தப்பட்ட உண்மைகளும், ஒரு பேராசிரியரின் பனம்பழக் கணக்குகளும் வாசகரின் மனதில் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. பத்திரிகையில் இரண்டுக்கும் ஒரே அளவான தலைப்பைப் போட்டவர்கள் நாங்கள்தான்.

வன்சிங்க் ஒரு சாதாரண ஆராய்ச்சியாளர் அல்ல. 2007 தொடக்கம் 2009 வரை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில், அந்நாட்டு மக்களுக்கான உணவு வழிகாட்டல்களைத் தயாரிப்பதில் பங்குவகிக்கும் நிலையத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராகப் பதவிவகித்தவர். அவரது ஆய்வுகளின் அடிப்படையிலான பாடசாலை மதிய உணவுத் திட்டம் பல்லாயிரக்கணக்கான அமெரிக்கப் பாடசாலைகளில் பின்பற்றப்பட்டது. அரசாங்கங்கள் ஏன் அவரை அந்தளவுக்கு விரும்பின? காரணம் எளிமையானது. தட்டை மாற்றுங்கள், பழத்துக்கு அழகான பெயர் வையுங்கள் என்ற ஆலோசனை எவருடைய இலாபத்தையும் பாதிக்காது. வரி விதிக்கத் தேவையில்லை, சட்டம் இயற்றத் தேவையில்லை. மக்கள் நோயாளிகள் ஆவதற்கு அவர்களின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பைச் சாப்பாட்டு மேசையில் இறக்கிவைத்துவிடலாம்.

நேர்மையான ஆராய்ச்சிக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹோல் 2019 இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 20 பேர் மாத்திரமே. ஆனால், நான்கு வாரங்கள் அவர்களை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்து, உண்ட ஒவ்வொரு உணவையும் அளந்தார்கள். இரு வாரங்கள் தொழிற்சாலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு. இரு வாரங்கள் அவ்வாறு பதப்படுத்தப்படாத உணவு. முன்வைக்கப்பட்ட சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழச் சமமானவை. விரும்பியளவு உண்ணலாம். பதப்படுத்தப்பட்ட உணவை உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உட்கொண்டார்கள், சராசரியாக 0.9 கிலோ நிறை கூடினார்கள். மற்றைய இரு வாரங்களில் அதேயளவு குறைந்தார்கள். 20 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லமுடியாது என்பது உண்மை. ஆனால், ஆராய்ச்சியை எவ்வாறு செய்தார்கள் என்பதைத் திறந்து காட்டி, மற்றவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு இடம்வைத்தார்கள். இந்த ஆய்வு, கிண்ணத்தை அல்ல, கிண்ணத்துக்குள் இருப்பதைத் தயாரிப்பவர்களை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது.

எமது நாட்டிலும் அத்தகைய கேள்வி எழுப்பப்பட்டதுண்டு. மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களில் காட்டவேண்டும் என்ற விதி 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மென்பானங்களில் உள்ள சீனியின் அளவுக்கு ஏற்ப வரி விதிக்கும் முறை 2017 நவம்பரில் அறிமுகமானது. மறு வருடத்தின் இறுதியில் அந்த வரி குறைக்கப்பட்டது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் அத்தகைய வரி நடைமுறைக்கு வருவதற்கு முன்னரேயே பல நிறுவனங்கள் தங்களது பானங்களில் சீனியைக் குறைத்துக்கொண்டன. மக்களின் கவனக்குறைவைக் கண்டிப்பதை விடவும் உற்பத்தியாளரின் கணக்கை மாற்றுவது கூடுதல் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2007 ஒக்டோபரில் நான் அளவுக்கு மீறி உண்பது பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, ஏ9 வீதி மூடப்பட்டு ஒரு வருடம் கடந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அரிசிக்கும் சீனிக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் 63 இலட்சம் பேர் போதிய உணவு இல்லாமல் அவதிப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன. வேளைகளைத் தவிர்த்த குடும்பங்களுக்கு எந்தக் கோப்பையின் அளவைப் பற்றி நாம் ஆலோசனை கூறமுடியும்? உணவு நடத்தை பற்றிய ஆராய்ச்சிகளை வளம்மிக்க நாடுகளில் இருந்து அப்படியே எடுத்து எமது பக்கங்களை நிரப்பியபோது, எமது வாசகர்களின் சமையலறையில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டுப்பார்க்கவில்லை.

ஒரு கண்டுபிடிப்பு முதற்பக்கத்துக்கு வந்துவிடும். அதன் திருத்தம் எந்தப் பக்கத்துக்கும் வருவதில்லை. மொழிபெயர்ப்பில் தங்கியிருக்கும் எமது ஊடகங்களில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. அதனால் ஆரோக்கியச் செய்தி எழுதும் இளைய நண்பர்களுக்கு நான் சொல்வதெல்லாம் சில எளிய கேள்விகள்தான். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பணம் கொடுத்தவர் யார்? வேறொருவர் மீண்டும் செய்துபார்த்தாரா? தரவுகளை மற்றவர்கள் பார்க்க முடியுமா? பதில் கிடைக்கவில்லையானால் அந்தச் செய்தி ஒரு வாரம் பொறுத்திருக்கட்டும். எவரும் அதனால் இறந்துவிடப்போவதில்லை.

மாஸ்டர் இன்று எம்மத்தியில் இல்லை. அவர் கேட்ட திருத்தத்தை அவர் வாசிக்கக்கூடிய காலத்தில் நான் எழுதவில்லை. எனவே, தாமதமாகவேனும் இங்கே பதிவுசெய்கிறேன்: பெரிய பாத்திரத்தில் உணவை வைத்தால் கூடுதலாக உண்பார்கள் என்று 2007 ஒக்டோபரில் நான் எழுதியதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வு 2018 செப்டெம்பர் 19 ஆம் திகதி மீளப்பெறப்பட்டது. அதை உரிய நேரத்தில் வாசகர்களுக்கு அறிவிக்கத் தவறியமைக்காக வருந்துகிறேன்.