போன் வந்துவிட்டது, முகவரி எங்கே?

நம் பிள்ளைகள் போனிலேயே புத்தகம் வாங்குகிறார்கள். ஆனால் முகவரி கேட்கும் இடத்தில் எதை எழுதுவது? பல தோட்டங்களில் லயக் காம்பராவுக்குத் தனி இலக்கமே இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். பொதி கொண்டுவருபவர் அழைக்கும் நேரம் நாம் மலையில் கொழுந்து பறிக்கிறோம். அங்கே சிக்னல் கிடைக்காது. பொதி திரும்பிப் போகிறது.

பொதியை மறுபடி வாங்கலாம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, திகதி கடந்து கைக்கு வந்தால்? அந்த வேலை மறுபடி வராது.

இது போனின் கோளாறு அல்ல. 2023இல் ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்தோம். இன்னும் நம் கதவுக்கு ஓர் இலக்கம் இல்லை. வீட்டுக்கு வீடு இலக்கம், வாசலுக்குத் தபால்: அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதையே முதல் கோரிக்கையாக வைப்போம், தோழர்களே.