கூட்டம் எப்போது குழுவாகும்?

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் பணித்தது. அந்த உத்தரவு நிறைவேறுகிறதா என்று கவனிக்கும் பொறுப்பு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கும் உண்டு. அதற்காக ஒன்றுசேர இன்று கைக்கெட்டும் வழி வாட்ஸ்ஆப். அது போதுமா?

சிறு குழுக்கள் கூடுதல், மோதுதல், நெறிப்படுதல், செயல்படுதல் என நான்கு கட்டங்களாக வளர்கின்றன என்றார் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் (1965). பின்னர் மேரி ஆன் ஜென்சனுடன் இணைந்து, 'கலைதல்' என்னும் ஐந்தாம் கட்டத்தையும் சேர்த்தார் (1977). அவர் தொகுத்து ஆராய்ந்தவை பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும்தான். அங்கே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிவர்; முரண்பட்டாலும் மறுமுறை எதிரெதிரே அமர்ந்தாக வேண்டும்.

இணையக் குழுவில் அந்தக் கட்டாயம் இல்லை. அதிருப்தியுற்றவருக்கு இரண்டு வழிகள் உண்டு: குரல் கொடுப்பது, வெளியேறுவது என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் விளக்கினார். வெளியேறுவதற்குச் செலவே இல்லாத இடத்தில் குரல் வலுவிழக்கும். கருத்து வேறுபாடு எழுந்ததும் சிலர் விலகுகின்றனர்; பலர் மௌனமாகின்றனர்; புதியவர்கள் வருகின்றனர். மோதல் முடிவுக்கு வருவதில்லை, நெறி உருவாவதில்லை.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் இதற்கு விதிவிலக்கு அல்லவா எனக் கேட்கலாம். சமூக ஊடக அழைப்பை ஏற்று மெரீனாவில் பெருங்கூட்டம் திரண்டது. அவசரச் சட்டமும் வந்தது. கோரிக்கை ஒன்றாக இருந்தவரை ஒற்றுமை இருந்தது. அவசரச் சட்டத்தை ஏற்றுக் கலைவதா, தொடர்வதா என்ற கேள்வி எழுந்தபோது, அனைவருக்குமாக முடிவெடுக்க எவரும் இல்லை. ஜனவரி 23-இல் காவல்துறை நடவடிக்கையோடு அப்போராட்டம் முடிந்தது.

தோல் தொழில் வட்டாரத்தின் அனுபவமோ வேறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என 1996-இல் உச்சநீதிமன்றம் அறிவித்தது. அத்தீர்ப்பைப் பெற ஐந்து ஆண்டுகள் ஆயின. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இதையே உணர்த்துகின்றன. ஒரே நிலையத்தோடு இணைந்த ஆலைகள், தொழிலில் போட்டியாளர்களாக இருந்தாலும், செலவைப் பகிர்ந்தே தீர வேண்டும். நினைத்தவுடன் விலகிவிட முடியாது. ஆனாலும் பாலாறு தூய்மையடையவில்லை. எனவே, வெளியிலிருந்து கண்காணிக்கும் மக்கள் குழுவும் தேவை.

டக்மனின் படிநிலைகள் இணையக் குழுவுக்குத் தாமாகப் பொருந்தா. நாம்தான் பொருந்தச் செய்ய வேண்டும். ஊருக்கு இருபது பேர் போதும். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப ஒருவர், இழப்பீட்டுப் பட்டியலைச் சரிபார்க்க ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க ஒருவர் எனப் பொறுப்புகளைப் பெயர் குறித்துப் பகிர்ந்துகொள்ளட்டும். மாதம் ஒருமுறை நேரில் கூடி, முடிவுகளை எழுதி வைக்கட்டும். அவர்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லக் கைப்பேசி உதவும். பொறுப்பேற்க மனிதர்கள்தாம் வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).