மரத்துக்குள் உறங்கிய கந்தகம்



நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறிப்பிடும்போது அல்குர்ஆன் அதன் பலகைகளையும் ஆணிகளையும் எடுத்துச் சொல்கிறது. பலகையைப் பலகையோடு சேர்த்து வைப்பது ஆணிதான். ஆனால், ஆணியே மரத்துக்குப் பகையாகிப்போன ஒரு கப்பல் சுவீடன் நாட்டில் இருக்கிறது. அதில் நமது வீடுகளுக்கும் படிப்பினை உண்டு.

அதன் பெயர் வாசா. 1628 ஆகஸ்ட் 10ஆம் திகதி, ஸ்டொக்ஹோம் துறைமுகத்தில், தன் முதற் பயணத்திலேயே காற்றுக்குச் சாய்ந்து மூழ்கிய போர்க்கப்பல் அது. 333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24இல் மேலே எடுத்தபோது கண்டவர்கள் வியந்தார்கள். ஓக் மரத்தாலான அதன் உடல் பெரும்பாலும் முழுமையாகவே இருந்தது. பால்டிக் கடலில் உப்புக் குறைவு. ஆதலால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கே வாழ்வதில்லை.

ஈர மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எனவே 1962 முதல் 1979 வரை 17 ஆண்டுகள், பொலி எதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்துத் தெளித்தார்கள். 1990இல் கப்பலுக்கென்றே நூதனசாலை திறக்கப்பட்டது. இனிப் பயமில்லை என்றிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டின் கோடையில் மழை மிகுந்தது. பார்வையாளர்களின் நனைந்த உடைகளோடு ஈரமும் மண்டபத்துக்குள் வந்தது. மரத்தின் மேல் உப்புப் பூக்கத் தொடங்கியது. பரிசோதித்துப் பார்த்தால் கடும் அமிலம்!

அது வெளியிலிருந்து வந்ததல்ல. நகரத்தின் கழிவுகள் கலந்த துறைமுகத்தின் அடிநீரில் ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கின. கூழ்முட்டையை உடைத்தால் மூக்கைப் பொத்த வைக்கிறதே, அதே வாயுதான். அது மரத்துக்குள் ஊறிக் கந்தகமாகத் தங்கிவிட்டது. நீருக்குள் இருந்தவரை உறங்கியது. மேலே வந்து காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறத் தொடங்கியது.

அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது இரும்பு. பழைய ஆணிகளின் துரு மரத்தில் ஊறியிருந்தது. அது போதாதென்று, கப்பலைத் தாங்குவதற்காக மீட்டவர்களே 5,000க்கும் மேற்பட்ட புதிய இரும்பு ஆணிகளைச் செலுத்தியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான்! மரத்திலுள்ள கந்தகம் முழுவதும் மாறினால் 5,000 கிலோ வரை கந்தக அமிலம் உண்டாகலாம் என்று 2002இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பின்னர் மண்டபத்தின் ஈரத்தை ஒரே சீராக வைக்க வழி செய்தார்கள். 2011 முதல் 2018 வரை அந்த ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளை இட்டார்கள்.

சகோதரிகளே, நமது குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். மாமியும் மருமகளும், அக்காவும் தங்கையும் மனம் கசந்து, பின் சமாதானமாகிறார்கள். ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள், பெருநாளுக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள். மேலே மெழுகு பூசியாகிவிட்டது. கல்புக்குள்ளே குரோதம் ஊறிக் கிடந்தால்? வருடங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பேச்சுப் போதும், உறங்கியது விழித்துக்கொள்ள.

அந்த நேரத்தில், "நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று பழைய கதையைக் கிளறுபவர் இரும்பு ஆணியை இறக்குகிறார். அவர் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நோக்கம் மட்டும் போதாது. எதைச் சொன்னால் எது விழிக்கும் என்ற அறிவும் வேண்டும்.

கல்பு சீரானால்தான் உடல் முழுவதும் சீராகும் என்பது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே மன்னிக்கும்போது உள்ளிருந்தே மன்னிப்போம். மன்னிக்க மனம் வராவிட்டால், அந்த மனத்தை அல்லாஹ்விடமே துஆவில் கேட்போம். சமாதானம் பேசப் போனால் துருப்பிடிக்காத சொற்களையே கொண்டு போவோம். வாசாவின் மரத்திலுள்ள கந்தகத்தை முழுவதும் எடுத்துவிட மனிதரால் இயலவில்லை. நம் கல்புகளைக் கழுவ அல்லாஹ் போதுமானவன்.