குடியேறினோர் மக்களும் பொதுப் பாடசாலையும்

பெற்றோர் எல்லை கடந்தமைக்காகப் பிள்ளைகள் கல்வியை இழத்தல் நீதியாகுமோ? ஐக்கிய அமெரிக்க நாட்டில் நெடுநாளாக எழுந்துவரும் இவ்வினாவை, கல்லூரியிற் பயிலும் பேறு பெற்ற நாம் அயலார் வழக்கென்று ஒதுக்குதல் தகாது.

1975-ஆம் ஆண்டில் டெக்ஸஸ் மாகாணச் சட்டசபையார், சட்டப்படி நாட்டினுள் அனுமதிக்கப்படாத சிறார் பொருட்டுப் பாடசாலைகளுக்குப் பொருளுதவி செய்வதில்லையென விதித்தனர். 1977-இல் டைலர் நகரத்துப் பாடசாலை நிர்வாகத்தார், அத்தகைய மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் செலுத்த வேண்டுமென்றனர். கூலிவேலையாற் பிழைத்த மெக்ஸிக்கோ நாட்டுக் குடும்பத்தார் அப்பொருளுக்கு எங்கே போவர்? நாடுகடத்தப்படுவோமென்னும் அச்சத்தையும் பொருட்படுத்தாது சிலர் நியாயஸ்தலத்தை நாடினர்.

1982-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் அளிக்கும் சமபாதுகாப்பு குடிகளுக்கு மட்டுமன்று, ஆட்சியெல்லைக்குட்பட்ட எவர்க்கும் உரியது என்பதும், தாம் செய்யாத பிழைக்காகக் குழந்தைகளைத் தண்டித்தல் முறையன்று என்பதும் அதன் சாரம். மறுத்த நால்வரும் அச்சட்டத்தை நல்லதென்று புகழ்ந்திலர். அதனைத் திருத்துதல் சட்டசபையின் பணியென்றே கூறினர்.

குடிகளின் வரிப்பணம் அயலார்க்கு ஏன் என்பார் உளர். பாடசாலைகளின் சுமை மெய்யே. அவர் கூற்றை நாம் எள்ளுகின்றிலோம். ஆயினும் இக்குடும்பத்தாரும் பண்டம் வாங்குங்கால் வரி செலுத்துகின்றனர். அன்றியும், கதவை அடைப்பதனால் அப்பிள்ளைகளிற் பெரும்பாலார் நாட்டைவிட்டு அகலார்; எழுத்தறியாதாராய் அங்கேயே வளர்வர். இன்று மிச்சம் பிடித்த பொருள் நாளை பன்மடங்கு நஷ்டமாகும்.

தீர்ப்பு உண்டென்று வாளா இருத்தலும் இயலாது. 1994-இல் கலிபோர்னியா மாகாணத்தில் இச்சிறாரை விலக்கும் சட்டம் குடிகளின் வாக்கினாலேயே நிறைவேறிற்று; நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2011-இல் அலபாமா மாகாணம், பள்ளியிற் சேரும் சிறாரின் குடியுரிமை நிலையை ஆராயுமாறு விதித்தது. அதுவும் பின்னர்த் தடைப்பட்டது. ஆயின் நடைமுறையிலிருந்த சின்னாளிலேயே அச்சத்தால் பல பிள்ளைகள் பள்ளிக்கு வாராதொழிந்தனர். விலக்கவேண்டுவதில்லை, வினவுதலே போதும் என்பதற்கு இஃதொன்றே சான்று.

நம்முள் எவரையும், முதன்முதல் ஏடெடுத்த நாளில், நின் தந்தை எவ்வழி வந்தான் என்று ஆசிரியர் கேட்டிலர். அந்நன்மை எல்லாக் குழந்தைகட்கும் நிலைத்தல் வேண்டும்.