மெல்லிய குரலும் உரத்த வியாபாரமும்

இசைத்தட்டு மீண்டு வந்துவிட்டது. 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் முதற் தடவையாக, 2022இல் அமெரிக்காவில் விற்பனையான இசைத்தட்டுக்களின் எண்ணிக்கை குறுந்தட்டுக்களின் எண்ணிக்கையை விஞ்சியது. மகிழ்ச்சியே. ஆனால் இசைத்தட்டோடு கூடவே ஒரு மூடநம்பிக்கையும் திரும்பி வந்திருக்கின்றது. 'அசையும் சுருள்' வகைக் காட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் சொர்க்கம் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதே அது. பூட்டிய பின்னர் பாட்டு ஈனசுரத்தில் கேட்கின்றது. முறையிட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "சத்தத்தைக் கூட்டுங்கள்." மற்றது, "இன்னும் விலை கூடிய அம்பிளிபயரை வாங்குங்கள்." இரண்டுமே தவறானவை; இரண்டாவது நேர்மையற்றதுங் கூட.

விடயம் இதுதான். சாதாரணமான 'அசையும் காந்தம்' வகைக் காட்ரிட்ஜ் 3 தொடக்கம் 5 மில்லிவோல்ற் வரை தருகின்றது. அசையும் சுருள் வகையில் ஊசியோடு சேர்ந்து அசைவது சுருள்; அது பாரமற்றதாக இருக்கவேண்டும் என்பதற்காக மிகச் சில சுற்றுக்களையே சுற்றுகின்றார்கள். எனவே கிடைக்கும் மின்னும் சொற்பம். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பாவனைக்கென 1960களில் உருவாக்கப்பட்டு, இன்றும் விற்பனையாகும் டெனொன் டி.எல். 103 தருவது 0.3 மில்லிவோல்ற் மாத்திரமே. பத்தில் ஒரு பங்கு!

இலங்கைப் பௌதிகவியற் பாடநூல்களில் 'நயம்' என்றொரு அழகான சொல் உண்டு. உள்ளே போகும் சைகை எத்தனை மடங்காகி வெளியே வருகின்றது என்பதே நயம். இசைத்தட்டுக்கான வழமையான முன்விரியலாக்கியின் நயம் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு. 4 மில்லிவோல்ற் உள்ளே போனால் 400 வெளியே வரும், போதும். 0.3 உள்ளே போனால் 30 தான் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குறைவது இன்னுமொரு 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல். பிரச்சினை முழுவதும் இவ்வளவுதான்.

இதைச் சத்தத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றார்கள். பின்னால் கூட்டும்போது இசை மட்டும் கூடுவதில்லை; இடையில் சேர்ந்த இரைச்சலும் கூடவே கூடுகின்றது. மேலும், 1954இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமத்தின்படி, இசைத்தட்டில் அடக்கிப் பதியப்பட்ட தாழ்ந்த சுரங்களை முன்விரியலாக்கி மீளவும் உயர்த்தவேண்டும். 1,000 ஹேர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 50 ஹேர்ட்ஸ் ஒலியை அது ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகப் பெருக்குகின்றது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வீட்டு மின்சாரம் உறுமுவது அதே 50 ஹேர்ட்ஸில்தான்! ஆகவே நயம் தேவைப்படும் இடம் தொடக்கப்படியே.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. 60 டெசிபெல் நயமுள்ள, அசையும் சுருளுக்கென்றே அமைந்த முன்விரியலாக்கி ஒன்று. இருக்கும் முன்விரியலாக்கிக்கு முன்னால் வைக்கும் படியுயர்த்து நிலைமாற்றி மற்றது. எது சிறந்தது என்று இரு கட்சியாரும் மதச்சண்டை பிடிக்கின்றனர். நிலைமாற்றி ஒலிக்குத் தன் சாயத்தைப் பூசுகின்றது என்கின்றது ஒரு கட்சி. மின்னணுச் சுற்று இரைகின்றது என்கின்றது மற்றக் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் பொருத்தம் பாராமல் பூட்டினால் இரண்டுமே கெடும் என்பதுதான் பெரிய உண்மை.

கூடக் கூட நல்லது என்று விற்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். 1:10 நிலைமாற்றி வோல்ற்றளவை 10 மடங்காக்கும். ஆனால் முன்விரியலாக்கியின் 47,000 ஓம் தடையைக் காட்ரிட்ஜின் பக்கத்தில் 100 மடங்கு குறைத்து 470 ஓமாகக் காட்டும். 1:20 என்றால் ஏறத்தாழ 117 ஓம். 1:40 என்றால் 29 ஓம். டி.எல். 103இன் உட்தடை 40 ஓம். 100 ஓமுக்குக் குறையாத சுமையைக் கொடுங்கள் என்று செய்தவர்களே சொல்லியிருக்கின்றார்கள். 1:40ஐப் பூட்டியவர் 12 மில்லிவோல்ற்றை எதிர்பார்ப்பார். கிடைப்பதோ ஏறத்தாழ 5. பாதிக்கு மேல் காட்ரிட்ஜுக்குள்ளேயே தொலைந்துவிடுகின்றது. 1:20 நிலைமாற்றியே 4.5 தந்துவிடும். இரட்டிப்பு விகிதத்தால் கண்ட இலாபம் அரை மில்லிவோல்ற்! இந்தக் கணக்கை ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "காதுதான் நீதிபதி, கணக்கு அல்ல" என்றார். நீதிபதி காதாகவே இருக்கட்டும். சாட்சியத்தை மறைத்துவிட்டு எப்படித் தீர்ப்புக் கேட்பது?

இதைப் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளுக்குள் இருந்து தப்பி, லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் தமிழ் இசைத்தட்டுக்கள் இன்று கணினிக்கு ஏற்றப்படுகின்றன. சில பாடல்களுக்கு வேறு பிரதி கிடைக்குமோ என்பதே ஐயம். மெலிந்த சைகையைப் பதிந்து, கணினியில் உயர்த்தி, கூடவே எழுந்த இரைச்சலை மென்பொருளால் சுரண்டும்போது பாடகரின் மூச்சும் தம்புராவின் ரீங்காரமும் சேர்ந்தே சுரண்டப்படுகின்றன. நாளை வருபவன் 'அந்தக் காலத்துப் பதிவு அப்படித்தான்' என்று எண்ணிக்கொள்வான். பழி இறந்தவர்கள்மேல் விழும்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. காசைக் கொடுக்குமுன் காட்ரிட்ஜ் எத்தனை மில்லிவோல்ற், அதன் உட்தடை எத்தனை ஓம், உங்கள் முன்விரியலாக்கியின் நயம் எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். விடை சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். கணக்குப் பொருந்தாவிட்டால் நல்லதோர் அசையும் காந்தக் காட்ரிட்ஜே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 78 சுழற்சித் தட்டுக்களுக்கோ அகன்ற முனையுள்ள வேறு ஊசியே வேண்டும்; எவ்வளவு விலையுயர்ந்த காட்ரிட்ஜும் அதற்கு ஈடாகாது. விலைச்சீட்டில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பி வாங்குபவருக்குக் கிடைப்பது பெருமை; பாட்டு அல்ல.