இரண்டு ஆண்டு போனஸ் யாருக்கு?

ஆக்சுவரி என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "எல்ஐசி வேலையா?" என்று கேட்பார்கள். மனிதர்கள் எப்போது சாவார்கள், எப்போது வேலையை விடுவார்கள், எப்போது ஓய்வுபெறுவார்கள் என்பதையெல்லாம் விகிதங்களாக்கி, அதற்காக இன்றைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்று சொல்வதுதான் அந்தத் தொழில். நான் இன்னும் ஆக்சுவரி ஆகவில்லை. பகலில் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் ஓய்வூதியப் பிரிவில் பயிற்சி, இரவில் தேர்வுக்குப் படிப்பு.

நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர் பட்டியலை எக்ஸெல் கோப்பாக அனுப்பும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். பணிக்கொடைக்காக, அதாவது கிராஜுவிட்டிக்காக, நிறுவனம் தன் கணக்கில் எவ்வளவு பொறுப்புத் தொகை காட்டவேண்டும் என்று நாங்கள் கணித்துக் கொடுப்போம். இறப்புக்கு அச்சிட்ட அட்டவணை உண்டு. வேலையை விட்டு விலகுவதற்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த நிறுவனத்தின் பழைய அனுபவத்தைப் பார்த்து ஒரு விகிதம் வைப்போம்.

சேர்ந்த புதிதில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் கோப்பு என் கைக்கு வந்தது. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். விலகல் விகிதத்தை உயர்த்திப் போட்டதும் பொறுப்புத் தொகை சரிந்தது. ஏன் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள கல்யாணமாகிப் போயிடுவாங்கம்மா. கிராஜுவிட்டி குடுக்க வேண்டியதில்ல. கம்பெனிக்கு லாபம்தானே" என்றார். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வைத்த கணக்கு இது: தொடர்ந்து ஐந்தாண்டு வேலை பார்த்தவர் விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு ஐந்தாண்டு முடிவில் 28,846 ரூபாய் வரும். கல்யாணத்துக்காக நாலரை ஆண்டில் விலகும் பெண்ணுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் நான் அன்று லாபமாகக் கணித்துக் கொடுத்தேன்.

என் அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர். கல்யாணத்துக்காக விட்டார். வேலையை விட்டவர் பிஎஃப் பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும் என்று அன்றைய வருங்கால வைப்புநிதித் திட்டம் சொன்னது. கல்யாணத்துக்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. இதைச் சலுகை என்பார்கள். வெளியே போகும் கதவைச் சட்டமே திறந்து வைத்துக்கொண்டு நின்றது என்கிறேன் நான். அம்மாவின் ஏழு ஆண்டு ஒரு சங்கிலியாகி, பிறகு அடகுக் கடைக்குப் போனது.

ஓய்வூதியத்துக்கு வருவோம். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரம் எளிது: சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கவேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். பத்தாண்டு சேவை இல்லையென்றால் மாத ஓய்வூதியமே கிடையாது. இருபது ஆண்டு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு போனஸாகச் சேரும்.

ஒரே சம்பளத்தில் ஒரு கணவனையும் மனைவியையும் எடுத்துக்கொள்வோம். அவர் 35 ஆண்டு வேலை பார்த்தார். போனஸோடு 37. மாதம் 7,928 ரூபாய். அவள் பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, விட்டு விட்டு 14 ஆண்டு வேலை பார்த்தாள். மாதம் 3,000 ரூபாய். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் கணவர் இறந்துபோனால் அவள் கைக்கு அவருடையதில் பாதி வரும்: 3,964 ரூபாய். பதினான்கு ஆண்டு உழைத்த தொழிலாளிக்குக் கிடைப்பதைவிட விதவைக்குக் கிடைப்பது அதிகம்! இந்தக் கணக்கை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

"வேலை பார்க்காத வருஷத்துக்கு யார் பணம் கட்டுறது?" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: அந்த இரண்டு ஆண்டு போனஸுக்கு யார் பணம் கட்டினார்கள்? ஒருவரும் கட்டவில்லை. அந்த இரண்டு ஆண்டும் எவரும் வேலை பார்க்கவுமில்லை. இடைவிடாமல் இருந்தவருக்கு வெகுமதியாகச் சட்டம் தந்தது. வேலை பார்க்காத ஆண்டைச் சேவையாக எழுதிக்கொள்ளச் சட்டத்துக்குத் தெரியும். யாருக்கு எழுதுவது என்பதில்தான் ஓரவஞ்சனை. இடைவிடாமல் ஓர் ஆண் வேலைக்குப் போகவேண்டுமென்றால், வீட்டில் சோறாக்கி, துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஒருத்தி இடைவிடவேண்டியிருக்கிறது. போனஸ் அவருக்கு, பூஜ்யம் அவளுக்கு.

பணிக்கொடைக் கணக்கில் 26 வார மகப்பேறு விடுப்பும் சேவையாகச் சேர்கிறது. இருபத்தேழாவது வாரத்தில் பிள்ளை தானாகவே வளர்ந்துவிடுமா? ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆண்டு, வளர்ப்பவரின் ஓய்வூதியக் கணக்கில் ஏறுகிறது. அதற்கான சந்தாவை அரசு கட்டுகிறது. அங்கும் என்னைப் போன்றவர்கள்தான் கணக்குப் போடுகிறார்கள். சூத்திரத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

வீட்டுவேலை செய்பவரும் களை எடுப்பவரும் எங்கள் கோப்பில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கோப்புக்குள் இருக்கும் பெண்ணின் ஆண்டுகளையே அழிப்பவர்கள், வெளியே நிற்பவளை எப்போது எண்ணப் போகிறார்கள்?

இந்த வேலைக்கான நேர்காணலில் என்னையும் கேட்டார்கள்: "கல்யாணம் எப்போ?" அப்போது சிரித்துச் சமாளித்தேன். இப்போது புரிகிறது, என் விலகல் விகிதத்தைக் கணித்துக்கொண்டிருந்தார்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். வேலையை விட நேர்ந்தாலும், பத்தாண்டு ஆகவில்லையே என்று ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பிறகு எந்த வேலைக்குப் போனாலும் பழைய ஆண்டுகள் அதோடு சேரும். இது நம்மைத் தனித்தனியாகக் காப்பாற்றிக்கொள்ளும் வழி மட்டுமே. சேர்ந்து கேட்கவேண்டியது வேறு: பிள்ளை வளர்த்த ஆண்டையும் முதியவரைப் பார்த்துக்கொண்ட ஆண்டையும் சேவையாக எழுது. போனஸ் எழுதத் தெரிந்த கைக்கு இதுவும் எழுத வரும்.