ஓட்டை தெரிந்த பின்னும் ஓடும் கலம்

மன்னார்க் கரையோரத்தில் மர வள்ளம் ஓட்டிப் பழகிய முதியோரைக் கேட்டுப் பாருங்கள். பலகை இணைப்பில் நீர் கசிவது தெரிந்தால், வள்ளத்தைக் கரையேற்றிக் கலப்பற்று இட்ட பின்னரே மீண்டும் கடலில் இறக்குவர். அதற்கு நாள் பார்ப்பதில்லை. கணினியை இயக்கும் மென்பொருளைச் செய்வோரோ நாள் பார்க்கின்றனர்.

2014 ஒக்டோபரில் கூகிள் நிறுவன ஆய்வாளர் விண்டோஸ் 8.1 இயங்குதளத்தில் ஒரு பாதுகாப்புக் குறையைக் கண்டு, மைக்ரோசொப்டுக்கு இரகசியமாக அறிவித்தனர். தவணை தொண்ணூறு நாள். 2015 ஜனவரி 11ஆந் திகதி தவணை முடியவே, குறை பகிரங்கமாயிற்று. திருத்தம் 13ஆந் திகதி வரவிருந்தது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் திருத்தம் வழங்குவது 2003 முதல் மைக்ரோசொப்டின் வழக்கம். இரண்டு நாள் பொறுக்கலாகாதா என்று அந்நிறுவனம் சினந்தது. பொறுத்திருக்கலாம் என்பதே என் எண்ணமும். ஆனால் தவணை என்று ஒன்று இல்லாதிருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை எப்போது வந்திருக்கும் என்று யார் சொல்லக்கூடும்?

அவசரத்துக்கு எதிரான வாதத்தையும் தள்ளிவிட இயலாது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பொன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. காவலனே வீட்டுக்காரனை வெளியே தள்ளிக் கதவடைத்த கதைதான்! ஆதலால் மறுநாளே திருத்துக என்று நான் கோரவில்லை. கள்வர் அறியாத குறைக்குத் தொண்ணூறு நாள் தாராளம். அவர்கள் கையில் ஏற்கெனவே அகப்பட்ட குறைக்கு ஒரு வாரத்துக்கு மேற்பட்ட தவணை அநீதி.

எனினும் நம் போன்ற நாட்டினருக்குத் திருத்தத்தின் வேகம் மட்டும் போதாது. 2017 மே 12இல் வன்னாகிரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, திருத்தம் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கோ அது பணங் கொடுத்தோருக்கு மட்டுமே கிடைத்தது; மற்றையோருக்கு வழங்கியது பேரிடருக்குப் பின்னர்தான்.

நம் நாட்டிலும் 2023இல் அரசாங்க மின்னஞ்சல் அமைப்பைக் கப்பக் கும்பலொன்று தாக்கிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடியது மைக்ரோசொப்டின் 2013ஆம் ஆண்டு அஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 11உடன் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் திட்டம் பணமின்றி 2021 முதல் தடைப்பட்டதாகப் பொறுப்பான முகவர் நிலையம் கூறிற்று. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தால், புதிய பதிப்பை வாங்காததில் வியப்பில்லை. பிரதியெடுத்து எட்டாத இடத்தில் வைக்காததற்கு மன்னிப்பே இல்லை. அழிந்த மடல்களுள் ஒரு மீனவரின் நட்டஈட்டு விண்ணப்பமோ, ஓர் ஆசிரியரின் இடமாற்றக் கோரிக்கையோ இருந்திருக்கலாம்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கும் இலவசத் திருத்தம் நின்றது. பழைய கணினிகள் பல புதிய பதிப்பை ஏற்கா. மேலும் ஓராண்டு திருத்தம் வேண்டுவோருக்கு நிபந்தனைகள் உண்டு. நுகர்வோர் அமைப்பொன்று வாதாடிய பின்னர் ஐரோப்பியருக்கு அவை தளர்த்தப்பட்டன. கோடிக்கணக்கானோர் ஒரு பதிப்பைப் பயன்படுத்தும்வரை, அதன் கொடிய குறைகளுக்குத் திருத்தம் விலையின்றி வர வேண்டும். நம் கல்வி அமைச்சு இதனை எழுத்தில் கேட்கலாம். பாடசாலைக் கணினி அறைகளைக் காக்கும் ஆசிரியர்களே அதற்கான முதற் கடிதத்தை அமைச்சுக்கு எழுதலாம்.